அடிக்கும் வீட்டிலிருந்து பாதுகாப்பு ஆணை வரை: கோலாலம்பூரில் எங்கே போவது, என்ன கேட்பது

போன வருடம் ஒரு வியாழக்கிழமை இரவு 11.30க்கு என் தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு செந்தூலில் உள்ள என் ஃபிளாட்டுக்கு வந்தாள். கையில் போனும் சின்னவனின் பால் போத்தலும்தான் இருந்தன. ஐசி கூட இல்லை. அன்று இரவிலிருந்து கோர்ட் ஆணை அவள் கைக்கு வர 12 நாள் ஆனது. வழி தெரிந்திருந்தால் 4 நாளில் முடிந்திருக்கும். மீதி 8 நாளும் தப்பான கவுண்டர்களிலும், வராத போன் அழைப்புக்குக் காத்திருப்பதிலும் போயின. அந்த 8 நாளும் அவளுக்குச் சட்டப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. கூடவே அலைந்தவள். இப்போதே ஆபத்து என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், 999க்கு அடியுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 15999, அதுதான் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

1. இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா?

குடும்ப வன்முறைச் சட்டம் 1994, அதாவது சட்டம் 521, எல்லா இனத்துக்கும் எல்லா மதத்துக்கும் பொதுவானது. கணவர், முன்னாள் கணவர், பிள்ளை, குடும்பத்தில் வேறு ஒருவர் என்று எல்லாரும் இதில் வருகிறார்கள். விவாகரத்து ஆகிவிட்டது, இனி கேட்க முடியாது என்று நினைக்க வேண்டாம். முன்னாள் கணவர் மேலும் கேட்கலாம்.

நம் ஆட்களிடமிருந்து என் காதுக்கு அடிக்கடி வரும் கேள்வி: "கோயிலில் தாலி கட்டினோம், ரெஜிஸ்டர் பண்ணவில்லை. சட்டம் எங்களுக்கு உண்டா?" உண்டு. மதப்படியோ வழக்கப்படியோ கல்யாணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு செய்யாவிட்டாலும் சட்டம் உங்களை மனைவியாக எடுத்துக்கொள்கிறது. கல்யாண போட்டோ, அழைப்பிதழ், கோயில் ரசீது எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் எந்தச் சடங்கும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் காதலர்களுக்கும் இந்தச் சட்டம் வராது. அவர்களும் சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் போலீஸில் புகார் கொடுக்கலாம். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் 2023 முதல் தனிக் குற்றம்.

வன்முறை என்றால் அடி மட்டும் இல்லை. அடிப்பேன் என்று பயமுறுத்துவது, அறையில் பூட்டி வைப்பது, விருப்பமில்லாததைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைப்பது, பொருளை உடைப்பது, மனத்தைச் சித்திரவதை செய்வது எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. 2018 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில், உங்கள் சொத்தை நேர்மையில்லாமல் எடுத்து நஷ்டப்படுத்துவதும் சேர்ந்தது. என் தங்கச்சியின் கல்யாணச் சங்கிலிகள் மூன்றும் அவளுக்குத் தெரியாமல் அடகுக்கடைக்குப் போயிருந்தன. அதை ரிப்போர்ட்டில் சொல்லலாம் என்றே எங்களுக்கு முதலில் தெரியாது. அடகுச் சீட்டு கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து வையுங்கள்.

2. வீட்டை விட்டு வரும்போது எடுக்க வேண்டியவை

முன்கூட்டியே திட்டம் போட முடிந்தவர்களுக்கு இது. உங்கள் ஐசி, பிள்ளைகளின் மைகிட், பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், பாஸ்போர்ட், வங்கி கார்ட், பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம். ஒரிஜினலை எடுக்க முடியாவிட்டால் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். காயத்தின் போட்டோ, மிரட்டல் வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டீர்களா? பரவாயில்லை. ஐசி இல்லாமலும் ரிப்போர்ட் கொடுக்கலாம், ஐசி நம்பர் தெரிந்தால் போதும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

போன் விஷயத்தில் கவனம். வெளியேறிய இரவே லொகேஷனை ஆஃப் செய்யுங்கள், கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். என் தங்கச்சியின் கூகுள் மேப்பில் அவள் இருக்கும் இடம் புருஷனுக்குத் தெரியும்படி எப்போதோ வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அவன் எங்கள் ஃபிளாட்டின் கீழே வந்து நின்றபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

போக இடமில்லை என்றால் 15999லேயே சொல்லுங்கள், தங்குமிடம் ஏற்பாடு செய்வார்கள். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் டபிள்யூ.ஏ.ஓ. என்ற பெண்கள் உதவி அமைப்பு தங்குமிடம் நடத்துகிறது. அவர்களின் அவசர எண் 03-3000 8858. பினாங்கில் இருப்பவர்கள் டபிள்யூ.சி.சி. என்ற பெண்கள் அமைப்பைக் கேட்கலாம், எண் 04-228 0342. இங்கெல்லாம் ஆலோசனைக்குக் காசு கிடையாது.

3. ஆஸ்பத்திரி: கிளினிக் வேண்டாம், அரசாங்க ஆஸ்பத்திரி

நாங்கள் செய்த முதல் தப்பு இது. வெள்ளிக்கிழமை காலை பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், வீக்கத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். 85 வெள்ளி போனது. கையில் கிடைத்தது மருந்துச் சீட்டு மட்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஓ.எஸ்.சி.சி. என்ற தனிப் பிரிவு இருக்கிறது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலும் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியிலும் உண்டு. கவுண்டரில் எல்லார் முன்னாலும் கதை சொல்லத் தேவையில்லை. "ஓ.எஸ்.சி.சி., குடும்ப வன்முறை" என்று மட்டும் சொன்னால் தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள். குடியுரிமை உள்ளவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. வெளிநாட்டவருக்கு அதிகம் வரும், கையில் கொஞ்சம் காசு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காசு இல்லையே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் "கீழே விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். அவர் எழுதும் குறிப்புதான் பிறகு கோர்ட்டில் பேசும். யார், எதை வைத்து, எத்தனை தடவை என்று சொல்லுங்கள். பழைய தழும்பு இருந்தால் அதையும் காட்டுங்கள். ரிப்போர்ட் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இல்லை, எது முதலில் என்றாலும் சரி. பிறகு மருத்துவ அறிக்கையை விசாரணை அதிகாரியே கேட்டு வாங்கிக்கொள்வார்.

4. போலீஸ் ரிப்போர்ட்: கடைசி வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள்.

ரிப்போர்ட்டை எந்த பாலாயிலும், அதாவது எந்தப் போலீஸ் நிலையத்திலும், போடலாம். சம்பவம் நடந்த இடத்து பாலாயில்தான் போட வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் போகாதீர்கள். கட்டணம் கிடையாது.

நாங்கள் போன முதல் பாலாயில் கவுண்டரில் இருந்தவர் முழுதும் கேட்டுவிட்டு, "இது புருஷன் பெண்டாட்டி விஷயம், பேசிப் பாருங்கள்" என்றார். நாங்கள் நகரவில்லை. சரி என்று டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியும் கொடுத்தார். வேலை முடிந்தது, கூப்பிடுவார்கள் என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். சனி, ஞாயிறு, திங்கள் போயின. யாரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் படித்தேன். கடைசி வரியில் இருந்தது: "உந்துக் ருஜுக்கான் சஹாஜா". பார்வைக்கு மட்டும் என்று அர்த்தம். அதாவது, எந்த நடவடிக்கையும் வேண்டாம், பதிவுக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று என் தங்கச்சியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மூன்று வார்த்தையில் நான்கு நாள் போய்விட்டது.

அதனால், டைப் செய்து முடித்ததும் திரையில் காட்டச் சொல்லுங்கள். மலாய் சரியாகப் படிக்க வராதவர்கள் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். "ருஜுக்கான் சஹாஜா", "மாக்லுமான் சஹாஜா" என்று இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதில் இந்த வாக்கியத்தைப் போடச் சொல்லுங்கள்: "சாயா மாவு தின்டாக்கான் போலீஸ் டான் மொஹோன் பெரிந்தா பெர்லிண்டுஙான் இன்டெரிம்." போலீஸ் நடவடிக்கை வேண்டும், இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கும் கேட்கிறேன் என்று அர்த்தம். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டே போங்கள். பதற்றத்தில் வாயில் வராது.

ரிப்போர்ட்டில் இன்னும் என்ன இருக்க வேண்டும்? கடைசிச் சம்பவத்தின் தேதி, நேரம், இடம். எதை வைத்து அடித்தார், எங்கே காயம். இதற்கு முன் நடந்தவை, தேதி தெரியாவிட்டாலும் "தீபாவளிக்கு முந்தின வாரம்" என்று சொல்லலாம். சொன்ன மிரட்டல், சொன்ன வார்த்தையிலேயே. பிள்ளைகள் பார்த்தார்களா, பிள்ளைகளுக்கும் அடி விழுந்ததா. அவர்களின் பெயரும் வர வேண்டும்.

முதல் ரிப்போர்ட் இப்படிக் கெட்டுப்போயிருந்தாலும் கவலை வேண்டாம், இன்னொன்று போடலாம். நாங்கள் புதன்கிழமை வேறு பாலாயில் போட்டோம். அங்கே இருந்த பெண் அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் கேட்டு எழுதினார். அதே சட்டம்தான், அதே நகரம்தான். ஒரு கவுண்டரில் மனம் உடைந்துவிட்டால் அடுத்த கவுண்டருக்குப் போங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

ரிப்போர்ட் போட்டதும் கேட்டு வாங்க வேண்டியவை: ரிப்போர்ட் நம்பர், விசாரணை அதிகாரியின் பெயர், அவர் போன் நம்பர். எல்லாரும் ஐ.ஓ. என்று சொல்வது அவரைத்தான். இந்த வழக்குகளை டி11 என்ற பிரிவு பார்க்கும். இரண்டு நாளில் அழைப்பு வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள்.

5. அவசர ஆணை: 2 மணி நேரம், 7 நாள்

ரிப்போர்ட், கோர்ட் எல்லாம் முடிவதற்குள் அவன் வந்துவிட்டால்? அதற்குத்தான் இ.பி.ஓ. என்ற அவசரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறது. இதை நாங்கள் வாங்கவில்லை. இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஃபிளாட்டின் கீழே அவன் வந்து நின்ற அந்தக் காலையில் இது கையில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இதைக் கொடுப்பது கோர்ட் இல்லை, ஜே.கே.எம்., அதாவது நாம் வெல்ஃபேர் என்று சொல்லும் சமூக நல இலாகாவின் அதிகாரி. போலீஸ் ரிப்போர்ட் இருந்தால்தான் கொடுப்போம் என்று சட்டத்தில் இல்லை. விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 7 நாள் செல்லும். உடல் காயத்துக்கும் அப்படிக் காயப்படுத்துவார் என்ற பயத்துக்கும்தான் இது, மனச் சித்திரவதை மட்டும் என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டும். கேட்க 15999 போதும்.

இந்த 7 நாளை ஓய்வெடுக்கும் நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் அடுத்த ஆணைக்கு ஓட வேண்டும்.

6. ஐ.பி.ஓ.: வெல்ஃபேரிலிருந்து கோர்ட்டுக்கு

ஐ.பி.ஓ. என்பது இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் கொடுப்பது. விசாரணை இருந்தால்தான் இது உண்டு. "பார்வைக்கு மட்டும்" ரிப்போர்ட் ஏன் இவ்வளவு கெடுதல் என்பது இப்போது புரியும்.

வரிசை இப்படி: ஐ.ஓ.விடம் ஐ.பி.ஓ.வுக்கான கடிதம் கேட்டு வாங்குங்கள். அதையும் ரிப்போர்ட் பிரதியையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வெல்ஃபேர் ஆபீஸுக்குப் போங்கள். அங்கே அதிகாரி உங்களைக் கேட்டு எழுதி, விண்ணப்பத்தைத் தயார் செய்து, கோர்ட்டுக்கும் கூட வருவார். வக்கீல் வேண்டாம். எங்களிடம் எங்கேயும் கட்டணம் கேட்கவில்லை.

கையில் இருக்க வேண்டியவை: ஐசி பிரதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரப் பிரதி, கல்யாணப் பத்திரப் பிரதி அல்லது கல்யாணம் நடந்ததற்கு ஏதாவது ஆதாரம், ரிப்போர்ட், ஐ.ஓ. கடிதம், கணவரின் முழுப் பெயர், ஐசி நம்பர், வீட்டு முகவரி, வேலையிட முகவரி. ஆணையைப் போலீஸ் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதனால் முகவரி சரியாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைப் பார்த்துப் போங்கள். எங்களுக்கு ஐ.ஓ. கடிதம் வியாழக்கிழமை மாலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் 12.30க்கு ஆபீஸ் வாசலில் நின்றோம். வெள்ளிக்கிழமைகளில் அரசாங்க ஆபீஸ் 12.15லிருந்து 2.45 வரை மூடியிருக்கும் என்று தெரிந்தும் மறந்துவிட்டோம். திறந்த பிறகு எழுதி முடிக்கவே நேரம் போய்விட்டது, கோர்ட் திங்கட்கிழமைக்கு மேல்தான் என்றார்கள். வெள்ளிக்கிழமை என்றால் காலை 8 மணிக்கே போங்கள்.

ஜாலான் டூத்தா கோர்ட்டுக்குச் செவ்வாய்க்கிழமை போனோம். அங்கே கணவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்குமோ என்று என் தங்கச்சி இரவெல்லாம் தூங்கவில்லை. அவர் இல்லாமலேயே ஆணை கொடுக்கலாம், எங்களுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். மலாய் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள்.

ஆணையில் என்னென்ன வேண்டும் என்பதை வெல்ஃபேரில் எழுதும்போதே சொல்லுங்கள், கேட்காதது வராது. பிள்ளைகளின் பெயரைச் சேர்க்கலாம். வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ பள்ளிக்கோ குறைந்தது 50 மீட்டருக்குள் வரக் கூடாது என்று கேட்கலாம். போன், செய்தி எதுவும் கூடாது என்று கேட்கலாம். வேறு ஆளை அனுப்பித் தொல்லை கொடுப்பதையும் தடுக்கச் சொல்லலாம், மாமியார் வீட்டார் வந்து சத்தம் போடுகிற குடும்பங்களுக்கு இது முக்கியம். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் நீங்களே இருந்துகொண்டு அவரை வெளியே இருக்கச் சொல்லும் ஆணை கிடைக்குமா என்றும் வெல்ஃபேர் அதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள்.

7. நடுவில் வரும் பஞ்சாயத்து

சட்டத்தில் இல்லாத படி இது. ஆனால் நம் வீடுகளில் தவறாமல் வரும். ரிப்போர்ட் போட்ட செய்தி தெரிந்ததும் பெரியப்பா, மாமா, கோயிலில் தெரிந்தவர் என்று நாலு பேர் வந்து உட்காருவார்கள். "கேஸை மீட்டுக்கொள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்பார்கள். ஒரு வெள்ளைத் தாளில் "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கித் தருவார்கள். எங்களுக்கும் வந்தது, பெரிய தொகைக்கு முத்திரையெல்லாம் ஒட்டி. அந்தத் தாளை மீறினால் யாரும் கைது செய்ய மாட்டார்கள். ஐ.பி.ஓ.வை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறும்போது அடித்தால் அது 4,000 வெள்ளியும் ஒரு வருடமும் ஆகிறது. பெரியவர்கள் பேச வந்தால் உட்காரவைத்து டீ கொடுங்கள். ஆணை கையில் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். புகாரை மீட்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

8. வெளிநாட்டிலிருந்து மருமகளாக வந்தவர்களுக்கு

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களை "ரிப்போர்ட் போட்டால் விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுவார்கள். பாதுகாப்பு ஆணை கேட்கக் குடியுரிமை தேவையில்லை. அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையில்லாமல் வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். அதையும் ரிப்போர்ட்டில் சேருங்கள், பிறகு உங்கள் தூதரகத்துக்குப் போங்கள். விசா புதுப்பிக்கக் கணவரின் ஆதரவு தேவைப்படுவது உண்மைதான், அதனால் முடியும் தேதியைப் பார்த்துவிட்டு முதல் வாரத்திலேயே மேலே சொன்ன பெண்கள் அமைப்புகளிடம் பேசுங்கள். கடைசி வாரம் வரை விடாதீர்கள்.

9. ஆணை வந்த பிறகு: பொருள் எடுப்பது, பள்ளி, காலாவதி

வீட்டில் உள்ள பொருளை எடுக்கத் தனியாகப் போகாதீர்கள். போலீஸ் அல்லது வெல்ஃபேர் அதிகாரியோடு உள்ளே போய் எடுக்க அனுமதி கேட்கலாம். எங்களுக்கு இருபது நிமிடம் மாதிரிதான் கிடைத்தது. என் தங்கச்சி உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பில் அவள் வெளியேறிய இரவு வைத்த ரசம் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது, அதைக் கழுவப் போனாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். எடுக்க வேண்டியதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்: பத்திரங்கள், பள்ளிப் பை, சீருடை, மருந்து, தையல் மிஷின் மாதிரி உங்கள் பிழைப்புக்கு வேண்டியது. சட்டி பானை எல்லாம் அப்புறம்.

ஆணையின் பிரதி ஒன்று கைப்பையில், போட்டோ போனில், ஒன்று பள்ளியில், ஒன்று வேலையிடத்தில். பள்ளியில் தலைமையாசிரியரிடம் மட்டும் கொடுத்தால் போதாது, கேட்டில் நிற்கும் பாதுகாவலரிடமும் சொல்லுங்கள். பிள்ளையை அனுப்புவது அவர்தான்.

மீறினால், "ஒரு செய்திதானே அனுப்பினான்" என்று விடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே புது ரிப்போர்ட் போட்டு, ஐ.ஓ.வுக்கு அனுப்புங்கள்.

ஐ.பி.ஓ. விசாரணை முடியும் வரைதான். மேல் நடவடிக்கை இல்லை என்றாலோ, கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டாலோ, போலீஸ் எழுத்தில் தெரிவிக்கும், அதோடு அந்த ஆணை முடியும். குற்றம் சாட்டப்பட்டால் உடனே பி.ஓ. என்ற பாதுகாப்பு ஆணைக்குக் கேளுங்கள், நடுவில் இடைவெளி விழக் கூடாது. அது 12 மாதம் வரை செல்லும், மேலும் 12 மாதம் வரை நீட்டிக்கக் கேட்கலாம். இது விவாகரத்து இல்லை, அதற்குத் தனி மனு உண்டு. வருமானம் குறைந்தவர்கள் ஜாபாத்தான் பந்துவான் குவாமான் என்ற அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் கேட்கலாம்.

முடியும் தேதியைப் போன் காலண்டரில் போடுங்கள். அன்றைக்கு இல்லை, ஒரு மாதத்துக்கு முன்னால் அலாரம் அடிக்கிற மாதிரி. என் போனிலும் போட்டிருக்கிறேன், அவள் போனிலும் போட்டிருக்கிறேன்.